துணியில் திரவம் ஒட்டாமலிருக்க எந்தப் பூச்சு? ஓர் ஒப்பீடு

பாதுகாப்பு உடை விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்து காட்டுவது ஒன்றுதான். துணித்துண்டை மேசையில் விரித்து, மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடிவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்தக் காட்சி கிட்டத்தட்ட எதற்கும் உதவாது. புதுத் துணியில், சுத்தமான தண்ணீரை, அழுத்தம் எதுவும் இல்லாமல் விட்டால் மெழுகு பூசிய துணிகூட அதைச் செய்யும். வேலையிடத்தில் மேலே படப்போவது என்ன திரவம், இருபது முறை துவைத்த பிறகு இதே துணி என்ன செய்யும் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்தால்தான் பூச்சுகளை ஒப்பிட ஆரம்பிக்கவே முடியும்.

இப்போது நம் முன்னால் இருக்கும் வழிகள் பெரிதாக நாலு. ஃப்ளோரோகார்பன் பூச்சு, சிலிக்கோன் பூச்சு, மெழுகும் அதன் உறவான ஹைட்ரோகார்பன் பாலிமர்களும், கடைசியாகத் துணியோடு சேர்த்து ஒட்டப்படும் படலம். முதல் மூன்றும் ஒவ்வொரு இழையையும் சுற்றி மெல்லிய தோலாகப் படிகின்றன. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி திறந்தே இருக்கும். காற்று போகும், வியர்வை ஆவி வெளியேறும். படலம் அந்த இடைவெளியையே அடைத்துவிடும். அதனால் பூச்சு திரவத்தை விலக்குகிறது, படலம் திரவத்தைத் தடுக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல தவறான கொள்முதல்கள் நடக்கின்றன என்பது என் கருத்து.

எண்ணெய் வந்தால் கதை மாறும்

ஒரு திரவம் துணியில் துளியாக நிற்குமா, பரவி ஊறுமா என்பதைப் பெரும்பாலும் இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று திரவத்தின் பரப்பு இழுவிசை, அதாவது திரவம் தன்னைத் தானே இழுத்துத் திரட்டிக்கொள்ளும் வலு. இன்னொன்று துணிப் பரப்பின் ஆற்றல், அதாவது அந்தப் பரப்பு திரவத்தைத் தன்பக்கம் இழுக்கும் வலு. திரவத்தின் எண் பரப்பின் எண்ணைவிட நன்றாக உயர்ந்திருந்தால் துளி திரண்டு நிற்கும். இரண்டும் நெருங்கிவந்தால் பரவிவிடும்.

தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். மருத்துவ உடைகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் செயற்கை இரத்தத்துக்கு அது 42. டீசல் வகை எண்ணெய்களுக்குப் பிரதிநிதியாகச் சோதனைக்கூடங்கள் எடுத்துக்கொள்ளும் ஹெக்ஸாடெக்கேனுக்கு 27. எத்தனாலுக்கு 22, ஹெப்டேனுக்கு 20. இப்போது மறுபக்கம் பாருங்கள். பாலிஎதிலீன் பரப்பு 31 வாக்கில் இருக்கிறது. மெழுகும் சிலிக்கோனும் 20-லிருந்து 24-க்குள். டெஃப்லான் என்று எல்லோரும் அறிந்த பொருளுக்கு 18. ஃப்ளோரின் அணுக்கள் மூன்று சுமந்த கரிமமுனைகள் வெளியே பார்த்தபடி நெருக்கமாக அடுக்கப்பட்டால் 6 வரைக்கும் இறங்கும். அறியப்பட்ட பரப்புகளிலேயே மிகக் குறைந்தவற்றில் அது ஒன்று.

இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும். தண்ணீரையும் இரத்தத்தையும் விலக்க மெழுகோ சிலிக்கோனோ போதும். 22-இல் நிற்கும் பரப்பால் 27-இல் இருக்கும் எண்ணெயை விலக்குவது கடினம், 20-இல் இருக்கும் கரைப்பானை விலக்குவது நடக்காத காரியம். அங்கே ஃப்ளோரின் தேவைப்படுகிறது. இது எந்தக் கம்பெனியின் திறமைக் குறைவாலும் வருவதில்லை. மூலக்கூறுகளின் இயல்பே அப்படி.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது நமக்குப் பழகிப்போன உவமை. அந்த இலையின் மேல் மெழுகுப் படிகங்கள் நுண்ணிய மேடு பள்ளங்களாக நிற்பதும், துளி அவற்றின் நுனிகளில் காற்றின் மேல் உட்கார்ந்திருப்பதும்தான் காரணம். அதே இலையில் எண்ணெய் விட்டால் பரவி ஒட்டிக்கொள்ளும். தாமரையைப் பார்த்துச் செய்தது என்று விளம்பரம் செய்யப்படும் எந்தப் பூச்சிடமும் இதை நினைவில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும்.

துணிக்கு ஒரு கூடுதல் அனுகூலம் உண்டு. இழைகள் உருண்டை. திரவம் ஓர் இழையின் தோளைத் தாண்டிக் கீழே இறங்கும்போது பரப்பு உள்நோக்கி வளைந்துவிடுகிறது. அந்த வளைவு திரவத்தை அங்கேயே பிடித்து நிறுத்தும். தட்டையான ஃப்ளோரின் பரப்பில் ஹெக்ஸாடெக்கேன் துளியின் சேர்கோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம், 90 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும் (கோணம் கூடக்கூடத் துளி உருண்டையாகும்). ஆனால் அதே பூச்சு நெய்த துணியில் இருந்தால் துளி ஏறக்குறைய உருண்டையாக நிற்பதைப் பார்க்கலாம். உள்நோக்கி வளையும் இந்த வடிவத்தின் பங்கை 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. அதனால் பூச்சைப் போலவே நெசவும் முக்கியம். அடர்த்தியான நெசவு, மெல்லிய இழை, சீரான இடைவெளி இருந்தால் சுமாரான பூச்சும் நன்றாக வேலை செய்யும். தளர்ந்த நெசவில் எவ்வளவு நல்ல பூச்சைப் போட்டாலும் பாதிதான் பலிக்கும்.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, அழுத்தம். இழைகளுக்கு நடுவே 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளை, பூச்சின் மேல் தண்ணீரின் கோணம் 120 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், தண்ணீரை உள்ளே தள்ளச் சுமார் 7,200 பாஸ்கல் தேவை. ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீர்மட்டத்தின் அழுத்தம். மழைக்கும் தெறிப்புக்கும் இது தாராளம். ஈரத் தரையில் முழங்கால் ஊன்றினால் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு போய்விடும். எண்ணெய்க்கு இந்தத் தடுப்பு இன்னும் மெலிது. இழையின் வளைவு மட்டுமே தாங்கிப் பிடித்திருக்கும் துளி, விரலால் லேசாக அழுத்தினாலே உள்ளே போய்விடலாம். ஆகவே முழங்கால், முழங்கை, மடி ஆகிய இடங்களில் திரவம் அழுந்தும் வேலை என்றால் பூச்சை மட்டும் நம்பக்கூடாது, படலம் வேண்டும்.

ஃப்ளோரோகார்பன்: திறமையும் அதன் விலையும்

1950-களில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டு வளர்ந்த இந்தக் குடும்பம் பல பத்தாண்டுகள் போட்டியே இல்லாமல் ஆண்டது. எட்டுக் கரிம அணுக்கள் கொண்ட சங்கிலி, அதாவது சி8, துணிமேல் படிகம்போல வரிசையாக அடுக்கிக்கொள்ளும். ஈரம் பட்டாலும் அந்த அடுக்கு எளிதில் கலையாது. ஆனால் அது சிதைந்து உருவாகும் பொருள்கள் சுற்றுச்சூழலில் அழிவதே இல்லை, உடலிலும் தங்கிவிடுகின்றன. இப்படி அழியாமல் நிற்கும் நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில், இந்தக் குடும்பத்தின் பி.எஃப்.ஓ.எஸ். 2009-இலும் பி.எஃப்.ஓ.ஏ. 2019-இலும் சேர்க்கப்பட்டன. தொழில் ஆறு கரிமச் சங்கிலிக்கு, சி6-க்கு நகர்ந்தது.

சி6 அப்படியே சி8-க்கு ஈடாகாது என்பதைச் சொல்லியாக வேண்டும். சங்கிலி குட்டையாகிவிட்டதால் படிகம்போல அடுக்காது. நீண்ட நேரம் ஈரம் பட்டால் சங்கிலிகள் திரும்பிக்கொள்ளும், துளி நகரும்போது பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். இதைச் சரிக்கட்ட அதிக அளவில் பூச வேண்டியிருக்கிறது, கூடவே பிணைப்பு வேதிப்பொருள் சேர்க்க வேண்டியிருக்கிறது. இருந்தும் எண்ணெய், கரைப்பான் விலக்கலில் இன்றைக்கு நடைமுறையில் இதற்கு மாற்று கிடையாது.

சி6-உம் சிதைந்தால் நிலைத்து நிற்கும் அமிலம் ஒன்றில்தான் போய் முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் அதற்கும் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. பொதுமக்களுக்கான உடைகளில் 2026 அக்டோபரிலிருந்து அது அமலுக்கு வருகிறது. கடும் ஆபத்துக்கு எதிரான தொழில்முறைப் பாதுகாப்பு உடைகளுக்கு விலக்கு தரப்பட்டிருக்கிறது. விலக்கு இருப்பது சட்டத்தின் ஏற்பாடு. எல்லா வேலைக்கும் எல்லோருக்கும் ஃப்ளோரின் போட்டுத் தரலாம் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் கழிவுநீரில் போகிறது, அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. எண்ணெயே படாத வேலைக்கு ஃப்ளோரின் கேட்பது எனக்கு உடன்பாடில்லாத காரியம்.

சிலிக்கோனும் மெழுகும்

சிலிக்கோன் பூசிய துணி தொடுவதற்கு மிருதுவாக இருக்கும், வளைந்து கொடுக்கும், தண்ணீரை நன்றாக விலக்கும். வெப்பத்தையும் தாங்கும். குறைகள் மூன்று. எண்ணெய் ஊறும். கடும் அமிலமும் கடும் காரமும் அதன் முதுகெலும்பையே அரிக்கும். இழைகளை வழுக்கலாக்குவதால் தையல் ஓரங்களில் நூல் நகர்ந்து விலகும். நான்காவதாக ஒன்று, பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது: ஃப்ளோரோகார்பன் பூச்சு போடும் தொட்டியில் சிலிக்கோன் சாஃப்ட்னரோ நுரைநீக்கியோ கொஞ்சம் கலந்துவிட்டால் எண்ணெய் விலக்கும் திறன் படுத்துவிடும். தண்ணீர்ச் சோதனையில் அது தெரியவே தெரியாது.

மெழுகு குடும்பத்தில் பழையதும் புதியதும் உண்டு. பழைய பாரஃபின் குழம்பு மலிவு, துவைத்தால் போய்விடும். புதிய நீள்சங்கிலி அக்ரிலேட்டுகளும் கிளைவிட்ட ஹைட்ரோகார்பன் பாலிமர்களும் வேறு தரம். சரியாகப் பதப்படுத்தினால் மழை உடைகளில் சி6-க்கு நெருக்கமாக நீர் விலக்கும். லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஒப்பீடும் இதைத்தான் சொன்னது: தண்ணீரில் ஃப்ளோரின் இல்லாதவை ஈடுகொடுத்தன, எண்ணெயில் முடியவில்லை. இந்தக் குடும்பத்தின் பெரிய பலவீனம் நெருப்பு. மெழுகு எரியும். தீத்தடுப்புத் துணிமேல் இதைப் பூசுவதாக இருந்தால், பூசிய பிறகு எரிதல் சோதனையைத் திரும்பச் செய்யாமல் ஒப்புக்கொள்ளவே கூடாது.

வெற்றிடக் கலத்தில் பிளாஸ்மாவால் படியவைக்கும் பூச்சுகள், நுண்துகள் பூச்சுகள் என்று புதிய வழிகளும் வருகின்றன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2020-இல் உருவாக்கிய ஒரு பூச்சு, மீயொலிக் கழுவலுக்கும் பிளேடால் சுரண்டுவதற்கும் பிறகும் இரத்தத்தை விலக்கியது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இவற்றில் பலவும் உள்ளே ஃப்ளோரினையே நம்பியிருக்கின்றன. ‘நானோ’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாமல் என்ன வேதிப்பொருள் என்று கேட்டுவிடுவது நல்லது.

துவைத்த பிறகு என்ன ஆகிறது

பூச்சு போடும் முறை எளிமையானது. துணியைக் கரைசலில் முக்கி, உருளைகளுக்கு நடுவே பிழிந்து, உலர்த்தி, ஸ்டென்டர் இயந்திரத்தில் 150 முதல் 170 டிகிரி வரைக்கும் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில்தான் பிணைப்பு வேதிப்பொருள் விழித்தெழுந்து பூச்சை இழையோடு கட்டிப்போடுகிறது. வேகத்தைக் கூட்டி உற்பத்தியை அதிகரிக்க நினைத்து சூட்டு நேரத்தைக் குறைத்துவிட்டால் என்ன நடக்கும்? முதல்நாள் சோதனையில் எதுவும் தெரியாது. தண்ணீர் அதேபோல முத்தாக ஓடும். சில துவைப்புக்குப் பிறகு பூச்சு உரிந்து போயிருக்கும். அரைகுறையாக வெந்த பூச்சையும் முழுதாக வெந்த பூச்சையும் பிரித்துக் காட்டுவது துவைத்த பிறகான சோதனைதான்.

தொழிலில் இதை 80/20 போலக் குறிப்பார்கள். இருபது துவைப்புக்குப் பிறகு தெளிப்புச் சோதனையில் 80 புள்ளி என்று பொருள். தெளிப்புச் சோதனை இப்படி: துணியை வளையத்தில் இறுக்கி 45 டிகிரி சாய்த்து வைத்து, 150 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 250 மில்லிலிட்டர் தண்ணீரைத் தெளிப்பார்கள். மேற்பரப்பு துளியும் நனையாமல் இருந்தால் 100. தெளிப்பு விழுந்த புள்ளிகளில் மட்டும் நனைந்திருந்தால் 80. எண்ணெய்க்குத் தனிச் சோதனை உண்டு: ஏ.ஏ.டி.சி.சி. 118. கெட்டியான தாது எண்ணெயில் தொடங்கி ஹெப்டேன் வரைக்கும் எட்டுத் திரவங்கள், ஒவ்வொன்றையும் சிறு துளிகளாக வைத்து 30 விநாடி பார்ப்பார்கள். துணி கருத்து ஊறாமல் தாங்கிய கடைசித் திரவத்தின் எண்தான் தரம். ஹெக்ஸாடெக்கேனைத் தாங்கினால் 3, ஹெப்டேனைத் தாங்கினால் 8. மெழுகும் சிலிக்கோனும் இதில் வழக்கமாகப் பூஜ்யம்தான்.

விற்பனையாளர் தரும் தாளில் தெளிப்பு 100 என்று மட்டும் இருந்து, எத்தனை துவைப்புக்குப் பிறகு என்று இல்லாவிட்டால், அது புதுத்துணியின் எண் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். துவைப்பு எந்த முறையில் என்பதும் முக்கியம். வீட்டுத் துவைப்புக்கான ஐ.எஸ்.ஓ. 6330-உம், தொழிற்சாலைச் சலவைக்கான ஐ.எஸ்.ஓ. 15797-உம் ஒன்றல்ல, பின்னதில் வெப்பமும் வேதிப்பொருளும் கடுமை. உங்கள் உடைகள் தொழிற்சலவைக்குப் போகின்றன என்றால் முன்னதன் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எந்த வேலைக்கு எது

மழை, சேறு, தண்ணீர்த் தெறிப்பு மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம்: நல்ல தரமான ஹைட்ரோகார்பன் பூச்சு. ஃப்ளோரினுக்கு இங்கே வேலையே இல்லை.

மருத்துவ உடையில் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. இரத்தத்தின் பரப்பு இழுவிசை உயரமாகவே இருப்பதால் ஃப்ளோரின் இல்லாத பூச்சு விலக்கிவிடும். சிக்கல் ஆல்கஹால்தான். கைகளில் தேய்க்கும் சானிடைசர் மணிக்கட்டுப் பக்கம் வழிந்தால், இரத்தம் ஊறாத துணியில் ஆல்கஹால் ஊறும். ஊறிய இடத்தில் அடுத்து வரும் திரவத்துக்கும் வழி கிடைத்துவிடும். இதற்காகத் துணி முழுவதும் ஃப்ளோரின் பூசுவதைவிட, முன்பக்கத்திலும் கைகளிலும் மட்டும் படலம் வைத்துத் தைப்பது மேல் என்று நினைக்கிறேன். அதிக இரத்தப்போக்குள்ள நீண்ட அறுவைச் சிகிச்சைக்கு, அதாவது மருத்துவ உடைகளைத் தரம்பிரிக்கும் அமெரிக்க அமைப்பான ஏ.ஏ.எம்.ஐ.-யின் மிக உயர்ந்த நான்காம் நிலை கேட்கும் இடத்துக்கு, படலம் இல்லாமல் ஒப்பேற்றப் பார்க்கக் கூடாது. அங்கே வைரஸ் ஊடுருவலையே சோதிக்கிறார்கள்.

வேதிப்பொருள் தெறிக்கும் வேலையில்தான் லேபிளைப் பார்த்து ஏமாறுவது அதிகம். இ.என். 13034 தரம், டைப் 6 என்று போட்டிருக்கும். லேசான தெறிப்புக்கான ஐரோப்பியத் தரம் அது. அந்தத் தரத்தின் சோதனைத் திரவங்கள் நான்கு: 30 சதவீத கந்தக அமிலம், 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, ஆர்த்தோ-சைலீன், பியூட்டனால். முதல் இரண்டும் நீர்க்கரைசல்கள், பரப்பு இழுவிசை தண்ணீரை ஒட்டியே இருக்கும். பின்னிரண்டும் கரைப்பான்கள், 30-உம் அதற்குக் கீழும். நான்கில் ஒன்றில் தேவையான வகுப்பைத் தொட்டாலே சான்று கிடைத்துவிடும். அமிலத்தில் மட்டும் தேறிய உடையும், சைலீனில் தேறிய உடையும் ஒரே லேபிளோடு அலமாரியில் தொங்கும். ஆகவே லேபிளோடு நிற்காமல், எந்தத் திரவத்தில் எந்த வகுப்பு என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். கரைப்பான் கையாளும் வேலைக்கு இன்றைய நிலையில் சி6, இல்லாவிட்டால் படலம். பூச்சு மட்டும் உள்ள உடை லேசான தெறிப்புக்கானது. தெறித்தவுடன் கழற்றிவிட வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடரக் கூடாது. டீசலும் மசகெண்ணெயும் கையாளுகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே விடைதான்.

தீயணைப்பு உடைதான் மனதை அதிகம் அலைக்கழிக்கும் முடிவு. ஒருபக்கம், உடலில் மணிக்கணக்கில் கிடக்கும் உடையில் ஃப்ளோரின் வேதிப்பொருள் இருப்பது வேண்டாம் என்று வீரர்களே கேட்கிறார்கள், நியாயமான கோரிக்கை. மறுபக்கம், எரிபொருள் ஊறிய வெளித்துணி தீக்குப் பக்கத்தில் போகிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில் ஃப்ளோரின் இல்லாத வெளித்துணிகள் தண்ணீரை விலக்கின, எண்ணெயை உறிஞ்சிக்கொண்டன. உறிஞ்சிய எண்ணெய் தீப்பற்றும் ஆபத்தைக் கூட்டியது. என் பார்வையில் முடிவு இப்படி வரும்: கட்டடத் தீ மட்டுமே கையாளும் பிரிவுகள் ஃப்ளோரின் இல்லாததற்கு மாறலாம், ஒவ்வொரு தீக்குப் பிறகும் உடனே துவைக்கும் ஏற்பாடு இருந்தால். எரிபொருள் விபத்துகளுக்குப் போகும் பிரிவுகள், எண்ணெய் விலக்கும் மாற்று ஒன்று நிரூபணமாகும் வரை, அவசரப்படக் கூடாது.

படலம் வாங்கிவிட்டால் பூச்சு தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். வெளித்துணி நனைந்து கனத்துவிட்டால் ஆவி வெளியேற வழி அடைபடும், உடம்பு வெந்துபோகும். படல உடைக்கும் வெளியே ஒரு நீர்விலக்குப் பூச்சு வேண்டும், அதற்கு ஃப்ளோரின் இல்லாதது போதும். தையல் துளைகளையும் மறக்காதீர்கள். பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஊசி போன இடத்தில் திரவம் போகும். தையல்மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

வாங்கிய பிறகு

பூச்சு போய்விட்டது என்று தூக்கிப் போடும் உடைகளில் கணிசமானவற்றில் பூச்சு இன்னும் இருக்கும். டிடர்ஜென்ட் மிச்சம் இழைமேல் படிந்து தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இன்னொரு முறை வெறும் தண்ணீரில் நன்றாக அலசி, உடையின் லேபிள் அனுமதிக்கும் சூட்டில் உலர்த்திப் பாருங்கள். ஃப்ளோரோகார்பன் பூச்சில் துவைப்பின்போது புரண்டுபோன சங்கிலிகள் சூட்டில் மறுபடி வெளிப்பக்கம் திரும்பும். துணி சாஃப்ட்னரை எந்தப் பூச்சுக்கும் பயன்படுத்தக் கூடாது.

அதற்குப் பிறகும் முழங்கையிலும் தோளிலும் துளி திரளாமல் துணி கருத்தால் பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சாதாரண மழைக்கோட்டாக இருந்தால் கடையில் கிடைக்கும் ஃப்ளோரின் இல்லாத ஸ்ப்ரே அடித்துக்கொள்ளலாம். சான்று பெற்ற வேதிப்பொருள் உடையிலோ தீத்தடுப்பு உடையிலோ அதை அடிக்கக் கூடாது. அந்த ஸ்ப்ரேக்களில் பலவும் மெழுகு. தயாரிப்பாளர் எழுத்தில் சொன்ன மறுபூச்சு முறை இருந்தால் தொழிற்சலவையில் அதைச் செய்யச் சொல்லுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் அந்த உடையை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.